முறுக்கு நமுப்பதும் புரதம் இறுகுவதும்

கேள்வி: நான் எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்திருக்கிறது. ஒரு ஆய்வகத்தில் 'பாலிமர்களின் கண்ணாடி நிலைமாற்றம்' என்ற தலைப்பில் பிஎச்.டி. இடம் தருகிறார்கள். என் அப்பா, தசைகளை இயக்கும் நரம்புகளைத் தாக்கும் மோட்டார் நியூரான் நோயில் மூன்று வருடம் படுத்திருந்து போன ஆண்டு இறந்துபோனார். அதனால் நோயைப் பற்றித்தான் ஆராய வேண்டும் என்று இருந்தேன். நேர்காணலில் அதைச் சொன்னபோது வழிகாட்டி, "இதிலும் நோய் இருக்கிறதம்மா" என்றார். எப்படி என்று கேட்கத் தைரியம் வரவில்லை. வீட்டில் மாமா, "பிளாஸ்டிக் எந்தச் சூட்டில் இளகும்னு பார்க்க அஞ்சு வருஷமா?" என்கிறார். வழிகாட்டி சொன்னது உண்மையா, என்னைச் சேர்த்துக்கொள்வதற்காகச் சொன்னதா? சேரலாமா, ஒரு வருடம் காத்திருந்து உயிரியல் ஆய்வகம் தேடலாமா?
– ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மூன்று வருடம் அப்பாவைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு, நடுவே எம்.எஸ்சி.யும் முடித்து, நெட்டும் எழுதித் தேறியிருக்கிறீர்கள். அதற்கு முதலில் என் மரியாதை. நான் பாலிமர் வேதியியலில் பட்டம் வாங்கி, மருந்து தயாரிப்பு ஆய்வகங்களில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். மருத்துவன் இல்லை. அந்த எல்லைக்குள் நின்று பதில் சொல்கிறேன்.

சேருங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் வழிகாட்டி சொன்ன அந்த ஒரு வரியை மட்டும் நம்பிச் சேராதீர்கள். அதில் எவ்வளவு நிரூபணமானது, எவ்வளவு இன்னும் ஆசை மட்டும் என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

மாமாவின் கேள்வியிலிருந்தே தொடங்கலாம். அது நல்ல கேள்வி. வீட்டில் முறுக்கு டப்பாவை ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டால் காலையில் முறுக்கு நமுத்துப் போயிருக்கும். நேற்று 'நொறுக்' என்று உடைந்தது இன்று வளைகிறது. அறையின் சூடு ஏறவில்லை, அரிசி மாவும் மாறவில்லை. உள்ளே போனது காற்றிலிருந்த கொஞ்சம் ஈரம் மட்டும். அந்த ஈரம், மாவுச்சத்து என்ற பாலிமரின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றைத் தளர்த்திவிட்டது. நேற்று அந்தச் சங்கிலிகள் ஒழுங்கில்லாமல், ஆனால் அசைய முடியாமல் உறைந்து கிடந்தன. அதுதான் கண்ணாடி நிலை. இன்று அதே சூட்டில் அவை ஒன்றன்மேல் ஒன்று நழுவ முடிகிறது. கண்ணாடி நிலையிலிருந்து ரப்பர் நிலைக்குத் தாண்டும் வெப்பநிலையைத்தான் ஆய்வகத்தில் டி.ஜி. என்கிறோம். மொறுமொறுப்பான முறுக்கின் டி.ஜி. அறை வெப்பநிலைக்கு மேலே இருந்தது, ஈரம் அதைக் கீழே இறக்கிவிட்டது. பாடப்புத்தகம் இதைப் பிளாஸ்டிசைசேஷன் என்று நான்கு பக்கத்தில் விளக்கும். நமுப்பு என்ற ஒரு சொல்லில் நம் சமையலறை அதை எப்போதோ சொல்லிவிட்டது.

கல்கண்டையும் பஞ்சு மிட்டாயையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் சர்க்கரைதான். கல்கண்டில் மூலக்கூறுகள் அணிவகுத்து நிற்கின்றன, அது படிகம். பஞ்சு மிட்டாயில் உருகிய சர்க்கரை அணிவகுக்க நேரம் கிடைக்காமல் சட்டென்று குளிர்ந்துவிட்டது. அது கண்ணாடி. மழைக்கால மாலையில் பஞ்சு மிட்டாய் சுருங்கிப் பிசுபிசுத்துப் போவதும் அதனால்தான். கல்கண்டுக்கு அந்தக் கவலை கிடையாது.

பாலிஸ்டைரீன் சுமார் 100 டிகிரியில் இளகும், இயற்கை ரப்பர் மைனஸ் 70-க்குக் கீழே போனால் கண்ணாடிபோல உடையும். இதையெல்லாம் அட்டவணையில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு அஞ்சு வருஷம் தேவையில்லை, மாமா சொல்வது சரி. விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. பனிக்கட்டி உருகுவதுபோல இது ஒரு குறிப்பிட்ட புள்ளியில் நடக்கும் மாற்றம் இல்லை. வேகமாகக் குளிர்வித்தால் ஒரு டி.ஜி. கிடைக்கும், பத்து மடங்கு மெதுவாகக் குளிர்வித்தால் சில டிகிரி கீழே இன்னொன்று கிடைக்கும். டி.ஜி.யில் ஒரு திரவத்தின் பிசுக்குமை, அதாவது வழிய மறுக்கும் தன்மை, தண்ணீரைவிடச் சுமார் பத்துக் கோடி கோடி மடங்கு. ஆனால் உள்ளே மூலக்கூறுகளின் அமைப்பைப் பார்த்தால் திரவத்துக்கும் கண்ணாடிக்கும் பெரிய வித்தியாசமே தெரியாது. அமைப்பு மாறாமல் அசைவு மட்டும் எப்படி இப்படி நின்றுபோகிறது? 1948-இல் வேதியியலாளர் வால்டர் கௌஸ்மன் இதிலுள்ள ஒரு முரண்பாட்டை எழுதி வைத்தார். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன் 1995-இல், திடப்பொருள் கோட்பாட்டில் தீர்க்கப்படாத பிரச்சினைகளில் மிக ஆழமானது அநேகமாக இதுதான் என்றார். 2021-இல் ஜார்ஜோ பாரிசிக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது இதை ஒட்டிய கணிதத்துக்காக. இன்னும் முடிவு வரவில்லை. 'எந்தச் சூட்டில்' என்பது ஒரு மத்தியான வேலை. 'ஏன், எவ்வளவு நேரத்தில்' என்பதற்கு அஞ்சு வருஷம் குறைவு. மாமாவிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

இனி நோய். இதை உடம்புக்கு வெளியே, உடம்புக்கு உள்ளே என்று பிரித்துக்கொள்கிறேன். வெளியே நடப்பது உறுதியாகத் தெரிந்தது. உள்ளே நடப்பதில் பாதி இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

வெளியே இருப்பதை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். அப்பாவின் கட்டிலருகே தொங்கிய டிரிப்ஸ் குழாய் பெரும்பாலும் பி.வி.சி. ஆக இருந்திருக்கும். வீட்டுத் தண்ணீர்க் குழாயும் பி.வி.சி.தான். அதன் டி.ஜி. சுமார் 80 டிகிரி என்பதால் அது விறைப்பாக இருக்கிறது. அதே பொருளில் எண்ணெய் போன்ற ஒரு தாலேட்டைக் கலந்து டி.ஜி.யை அறை வெப்பநிலைக்குக் கீழே இறக்கினால் விரலில் சுற்றிக்கொள்ளும் குழாய் கிடைக்கும், ரத்தப் பை கிடைக்கும். வேண்டுமென்றே செய்த நமுப்பு இது. உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா திருநாள் நிறுவனத்தில்தான் இந்தியாவின் சொந்த ரத்தப் பைத் தொழில்நுட்பம் உருவானது. அந்தத் தாலேட் மெல்ல மெல்ல ரத்தத்தில் கரைந்து இறங்குகிறது, அதனால் கவலை உண்டு. ஆனால் அதே தாலேட் சிவப்பணுக்களின் சவ்வில் சேர்ந்து அவை சிதையாமலும் காக்கிறது. நாற்பது நாள்வரை ரத்தத்தைச் சேமிக்க முடிவதில் அதற்கும் பங்கு உண்டு. மாற்றுப் பொருள் தேடுவது இதனால்தான் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

மருந்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாழ்க்கை இதிலேயே கழிந்தது. ரிட்டோனவிர் என்று ஒரு எச்.ஐ.வி. மருந்து. அபாட் நிறுவனம் 1996-இல் வெளியிட்டது. இரண்டு வருடம் நன்றாகப் போனது. 1998-இல் திடீரென்று கேப்சூல்கள் கரைதல் சோதனையில் தோற்க ஆரம்பித்தன. பிரித்துப் பார்த்தால் உள்ளே அதுவரை யாரும் பார்த்திராத ஒரு படிக வடிவம். மூலக்கூறு அதேதான், ஆனால் வேறு விதமாக அணிவகுத்திருந்தது. இந்தப் படிகம் பழையதைவிட மிகக் குறைவாகவே கரைந்தது. கரையாத மருந்து உடம்பில் ஏறாது. கேப்சூலைத் திரும்பப் பெற்றார்கள். நோயாளிகள் குமட்டும் சுவையுள்ள திரவ மருந்தைக் குடிக்க வேண்டியிருந்தது. அப்புறம் வந்த வடிவங்களைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டியிருந்தது. எச்.ஐ.வி. அதிகமாக இருந்த எத்தனையோ ஊர்களில் அந்தப் பெட்டியே கிடையாது.

இதற்கு முடிவு கட்டியது கண்ணாடி. லோபினவிர் என்ற இன்னொரு எச்.ஐ.வி. மருந்து, ரிட்டோனவிர் இரண்டையும் கோபோவிடோன் என்ற பாலிமரோடு சேர்த்து உருக்கி, பிழிந்து, குளிர்வித்தார்கள். மருந்து மூலக்கூறுகள் பாலிமர் கண்ணாடிக்குள் தனித்தனியாகச் சிக்கிக்கொண்டன. படிகமாக வேண்டுமென்றால் அவை நகர்ந்து ஒன்றையொன்று தேடி வர வேண்டும். கண்ணாடிக்குள் அது நடக்காது. இப்படி உருவான கலீட்ரா மாத்திரை 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஒரு நாளைக்கு ஆறு கேப்சூல் என்றிருந்தது நான்கு மாத்திரையாகக் குறைந்தது, குளிர்பதனம் தேவையில்லாமல் போனது. புதிய வைரஸ் எதிர்ப்பு மூலக்கூறு எதுவும் அதில் சேரவில்லை. பழைய இரண்டையும் வேறு நிலையில் வைத்தார்கள், அவ்வளவுதான்.

இன்றைக்குக் கண்டுபிடிக்கப்படும் மருந்து மூலக்கூறுகளில் பெரும்பாலானவை தண்ணீரில் சரியாகக் கரைவதில்லை. படிகத்தை உடைத்துக் கரைப்பதைவிடக் கண்ணாடியைக் கரைப்பது எளிது என்பதால் நிறைய மருந்துகள் இந்த வழியில் போகின்றன. அவற்றை உருவாக்கும் ஒவ்வொரு ஆய்வகத்திலும் டி.ஜி. தெரிந்த ஆள் வேண்டும். சேமிக்கும் வெப்பநிலையைவிட டி.ஜி. குறைந்தது 50 டிகிரி மேலே இருக்கட்டும் என்பது எங்கள் கைக்கணக்கு. அந்த இடைவெளி இருந்தால் ஒரு மருந்தின் ஆயுட்காலத்துக்குள் மூலக்கூறுகள் நகராது. மாத்திரைப் புட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இருப்பதும், அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள் என்று மருந்தாளுநர் சொல்வதும் பல நேரங்களில் நமுப்புக்குப் பயந்துதான்.

தடுப்பூசியிலும் இதே கதை. பிறந்த குழந்தைக்குப் போடும் பி.சி.ஜி. ஊசி மருந்தைக் கவனித்திருக்கிறீர்களா? பழுப்புக் குப்பிக்குள் வெள்ளைப் பொடியாக இருக்கும், செவிலியர் உப்புநீர் விட்டுக் கலக்குவார். சென்னை கிண்டியில் 1948 முதல் பி.சி.ஜி. ஆய்வகம் ஒன்று இருக்கிறது. உறைய வைத்து, வெற்றிடத்தில் பனியை நேரே ஆவியாக்கி உலர்த்திய பொடி அது. உயிருள்ள கிருமியோ புரதமோ இப்படி உலரும்போது சிதையாமலிருக்கச் சுற்றிலும் சர்க்கரை போன்ற ஏதாவது ஒரு கண்ணாடி வேண்டும். சுக்ரோஸ் கரைசலை உறைய வைத்தால் பனியாகாமல் மிஞ்சும் செறிந்த பகுதியின் டி.ஜி. சுமார் மைனஸ் 32 டிகிரி. உலர்த்தும்போது சூடு அதற்கு மேல் சிறிது ஏறினாலும் பஞ்சுபோல நிற்க வேண்டிய பொடி சரிந்து, பிசின்போலக் குப்பியின் அடியில் ஒட்டிக்கொள்ளும்.

நான் வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு புரத மருந்தின் சோதனைக் குப்பிகள் எட்டு மாதம் கழித்து இப்படிச் சுருங்கிக் கிடந்தன. உலர்த்தியபோது எல்லாம் சரியாக இருந்தது. எங்கே தவறு என்று மூன்று மாதம் தேடினோம். கடைசியில் பார்த்தால் ரப்பர் மூடிதான் காரணம். நீராவியில் கிருமி நீக்கிய மூடிகளை நாங்கள் போதிய நேரம் உலர்த்தவில்லை. அவை உறிஞ்சி வைத்திருந்த ஈரத்தை மாதக்கணக்கில் மெதுவாகப் பொடிக்குள் விட்டிருக்கின்றன. ஈரம் ஏற ஏற டி.ஜி. இறங்கி, ஒரு நாள் அறை வெப்பநிலையைத் தொட்டுவிட்டது. அந்த மருந்து ஒரு நோயாளிக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பல நாள் தூக்கமில்லாமல் இருந்திருக்கிறேன். டி.ஜி. என்பது எனக்கு வரைபடத்தில் ஒரு படிக்கட்டு மட்டும் இல்லை என்று ஆனது அப்போதுதான்.

விதைநெல்லை நன்றாகக் காயவைத்துக் கட்டி வைப்பார்களே, அதுவும் இதுதான். காய்ந்த விதையின் செல்லுக்குள் இருக்கும் சர்க்கரையும் புரதமும் கண்ணாடியாக இறுகி, வேதிவினைகளை நிறுத்திவைக்கின்றன. ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் விதையின் ஆயுள் இரண்டு மடங்காகும் என்று விதை அறிவியலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு.

சரி, உடம்புக்கு உள்ளே வருவோம். நீங்கள் கேட்க நினைத்தது இதைத்தான்.

செல்லுக்குள் எல்லாம் சவ்வுப் பைகளில்தான் இருக்கிறது என்று படித்திருப்போம். 2009-இல் ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஆண்டனி ஹைமன், கிளிஃபோர்ட் பிராங்வின் குழு ஒரு புழுவின் கருவுக்குள் சவ்வே இல்லாத சில துணுக்குகளைக் கவனித்தது. அவை திரவத் துளிபோல ஒன்றோடொன்று சேர்ந்தன, வழிந்தன. புரதமும் ஆர்.என்.ஏ.வும் எண்ணெய்த் துளிபோலப் பிரிந்து நிற்கும் இடங்கள் அவை. அதே ஆண்டில் வேறு குழுக்கள், பரம்பரையாக வரும் மோட்டார் நியூரான் நோயுள்ள சில குடும்பங்களில் எஃப்.யூ.எஸ். என்ற புரதத்தின் மரபணுவில் பிழைகள் இருப்பதைக் கண்டுபிடித்தன. இரண்டு கதைகளும் 2015-இல் சந்தித்தன. டிரெஸ்டன் குழு எஃப்.யூ.எஸ். புரதத்தைச் சோதனைக் குழாயில் துளியாக்கிப் பார்த்தது. முதலில் திரவம். மணிநேரங்கள் போகப் போக இறுகி நார் நாராக ஆனது. நோயாளிகளிடம் காணப்பட்ட ஒரு பிழையுள்ள புரதம் இன்னும் சீக்கிரம் இறுகியது.

இதில் கண்ணாடி எங்கே? 2020-இல் அதே ஊரிலிருந்து லூயிஸ் ஜாவர்த் முதலானோரின் கட்டுரை ஒன்று சயன்ஸ் இதழில் வந்தது. ஒளிக்கற்றையால் துளியைப் பிடித்து இழுத்து, நாளாக ஆக அது எப்படி எதிர்க்கிறது என்று அளந்தார்கள். பிசுக்குமை ஏறிக்கொண்டே போனது, மீள்தன்மை அதிகம் மாறவில்லை. வயதாகும் கண்ணாடி இப்படித்தான் நடந்துகொள்ளும், ஜெல் இப்படி நடக்காது என்று வாதிட்டு அதற்கு மாக்ஸ்வெல் கண்ணாடி என்று பெயர் வைத்தார்கள். இந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் இருபது வருடம் பாலிமரில் போட்டுக்கொண்டிருந்த அதே வரைபடம், நரம்பு நோயோடு தொடர்புள்ள ஒரு புரதத்தில்.

ஆக, வழிகாட்டி சொன்னது பொய்யில்லை. ஆனால் உங்களிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை. இவை சோதனைக் குழாயில், சுத்தப்படுத்திய புரதத்தில் அளந்தவை. ஒரு மனிதரின் தண்டுவட நரம்பில் நோயைத் தொடங்குவது இந்த இறுகலா, அல்லது நோய் வந்த பிறகு நடக்கும் விளைவா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. எஃப்.யூ.எஸ். பிழையால் நோய் வருபவர்கள் மிகச் சிலர். பெரும்பாலான நோயாளிகளின் நரம்பில் கட்டியாகத் திரண்டு கிடப்பது டி.டி.பி.-43 என்ற வேறு புரதம். பத்தில் ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் இருந்திருப்பதில்லை. டி.ஜி. தெரிந்துகொண்டால் அப்பாவுக்கு வந்த நோய்க்கு மருந்து கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதே உவமை வேறு இடங்களிலும் வருகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். கண் லென்சில் உள்ள ஆல்ஃபா கிரிஸ்டலின் புரதக் கரைசல் செறிவு ஏறும்போது கடினக் கோளங்கள் நெருக்கிக்கொண்டு கண்ணாடியாவதைப்போல நடந்துகொள்கிறது என்று 2014-இல் ஒரு அளவீடு வந்தது. நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வருவதோடு இதற்குத் தொடர்பிருக்கலாம் என்கிறார்கள். ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாய்ச் செல்களை ஆய்வகத்தில் ஒரு படலமாக வளர்த்தால், மற்றவர்களின் செல்கள் நெருக்கியடித்து அசையாமல் நின்றுவிடும் கட்டத்திலும் இவை நகர்ந்துகொண்டே இருக்கின்றன என்று ஹார்வர்டின் ஜெஃப்ரி ஃபிரெட்பர்க் குழு 2015-இல் காட்டியது. கவனியுங்கள், இங்கே இறுகாததுதான் கோளாறு. ஆனால் செல் கூட்டத்தில் வெப்பநிலையின் இடத்தில் செல்லின் வடிவம் வந்து நிற்கிறது. இதை டி.ஜி. என்று சொன்னால் அது உவமை மட்டுமே. நிதி கேட்கும் விண்ணப்பங்களில் இந்த உவமையை இஷ்டத்துக்கு இழுக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை.

வேதியியல் படித்தவள் நோயைத் தொடலாமா என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. 'மூலக்கூறு நோய்' என்ற சொல்லையே கொடுத்தது ஒரு வேதியியலாளர்தான். 1945-இல் ஹார்வர்டைச் சேர்ந்த மருத்துவர் வில்லியம் காஸில், அரிவாள் செல் ரத்தசோகையில் சிவப்பணுக்கள் உருமாறுவது ஆக்சிஜன் குறைந்த சிரை ரத்தத்தில்தான் என்று அந்த வேதியியலாளர் லைனஸ் பாலிங்கிடம் பேச்சுவாக்கில் சொன்னார். அப்படியானால் கோளாறு ஹீமோகுளோபின் மூலக்கூறிலேயே இருக்க வேண்டும் என்று பாலிங் அப்போதே ஊகித்தார். அவர் குழு மின்புலத்தில் அதை ஓடவிட்டு, நோயாளியின் ஹீமோகுளோபினின் மின்சுமை வேறு என்று 1949-இல் காட்டியது. ஏழெட்டு வருடத்தில் வெர்னன் இங்ராம், ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருப்பதுதான் காரணம் என்று கண்டார். இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடி மக்களிடம், 1952-இல்.

கதை அங்கே நிற்கவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அடுத்த பகுதிதான். மாறிய ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட்டதும் நீண்ட இழைகளாகப் பாலிமராகிறது. 1974-இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் வில்லியம் ஈட்டன் குழு இது எவ்வளவு நேரத்தில் நடக்கிறது என்று அளந்தது. உடனே நடக்கவில்லை, முதலில் ஒரு தாமதம் இருந்தது. செறிவைக் கொஞ்சம் குறைத்தாலே அந்தத் தாமதம் பல மடங்கு நீண்டது. அந்தத் தாமதத்துக்குள் சிவப்பணு நுண்குழாயைத் தாண்டி நுரையீரல் பக்கம் போய்விட்டால் அடைப்பு வராது. ஹைட்ராக்சியூரியா மருந்து கருவிலிருக்கும் குழந்தைக்குரிய ஹீமோகுளோபினைக் கூட்டி, கெட்டதை நீர்த்துப்போகச் செய்கிறது. அது ஏன் வலியைக் குறைக்கிறது என்பது இந்த நேரக்கணக்கை வைத்துத்தான் விளங்குகிறது. அவர்கள் அங்கே அளந்தது மூலக்கூறுகள் இறுக எவ்வளவு நேரமாகிறது என்பதைத்தான். கண்ணாடி நிலைமாற்றத்தில் நீங்கள் கற்கப்போவதும் அந்த அளவீட்டைத்தான். நோயைப் பற்றிப் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். புரதத் துளி ஒன்றைக் கொடுத்தால், இது எவ்வளவு நேரத்தில் இறுகும், ஏன் என்று நம்பகமாக அளக்கத் தெரிந்தவர்கள் குறைவு. உங்களைச் சேரச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

அப்பாவின் நோயிலேயே ஒரு விஷயம். எஸ்.ஓ.டி.-1 மரபணுப் பிழையால் நோய் வரும் சிறு கூட்டத்துக்கு டோஃபர்சென் என்ற மருந்து 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடம்பின் நொதிகள் சிதைக்காதபடி வேதியியலாளர்கள் மாற்றியமைத்த ஒரு நியூக்ளிக் அமிலத் துண்டு அது.

இனி இடத்தைப் பற்றி. ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம் என்கிறேன். உயிரியல் ஆய்வகங்களில் வேதியியல் மாணவியை எடுத்தால் பல இடங்களில் சேர்மம் தயாரிக்கும் வேலையோடு நிறுத்திவிடுவார்கள். கையில் ஒரு அளவீட்டுத் திறனோடு பின்னால் போனால் உங்களை அவர்கள் தேடுவார்கள். பணமும் ஒரு காரணம். ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அப்பா இல்லாத வீட்டில் அது பெரிய விஷயம். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, ஆனாலும் நான் சொல்கிறேன். ஜே.ஆர்.எஃப். ஆணை எந்தத் தேதிவரை செல்லும் என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

சேர்வதற்கு முன் வழிகாட்டிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நேரில் கேட்க முடியாததை எழுத்தில் கேட்பது சுலபம். "நோயோடு தொடர்பு உண்டு என்றீர்கள் ஐயா, அதில் ஒரு அத்தியாயம் நான் செய்ய முடியுமா, எந்தப் பொருளை வைத்து?" என்று பணிவாகக் கேளுங்கள். உறைய வைத்து உலர்த்திய புரதம், கண்ணாடியாக்கிய மருந்து என்று அவர் ஏதாவது ஒரு பொருளைச் சொன்னால் நல்லது. 'பார்க்கலாம்' என்று மட்டும் வந்தால், அவரிடம் முன்பு படித்த மாணவர் ஒருவரைப் பிடித்துப் பேசுங்கள். பொருளைச் சூடேற்றி அது உள்வாங்கும் வெப்பத்தை அளக்கும் டி.எஸ்.சி. கருவி ஆய்வகத்திலேயே இருக்கிறதா, காசு கட்டி வெளியே அனுப்ப வேண்டுமா, மாணவர்கள் அதைக் கையால் இயக்க விடுவார்களா? இதற்கு வரும் பதில் ஆய்வுத் தலைப்பைவிட முக்கியம். வெளியே அனுப்பி வாங்கும் வரைபடத்தை வைத்து டி.ஜி. கற்றுக்கொள்ள முடியாது.

இன்னொன்று, கொஞ்சம் தயக்கத்தோடு சொல்கிறேன். மோட்டார் நியூரான் நோயை முதல் நாளிலிருந்தே ஆய்வேட்டின் மையமாக வைக்காதீர்கள். ஆய்வில் பத்து சோதனையில் எட்டு தோற்கும். ஒவ்வொரு தோல்வியும் அப்பாவுக்குச் செய்ய முடியாமல் போன ஒன்றாக மனதில் விழும். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண் தன் தாயின் புற்றுநோயைத் தலைப்பாக எடுத்துக்கொண்டு மூன்றாவது வருடம் மிகவும் நொந்துபோனார். இடையில் தலைப்பை மாற்றி, பட்டம் முடித்து, இன்று அதே புற்றுநோய்க்கான மருந்துக் குழுவில் நன்றாக வேலை செய்கிறார். முதல் இரண்டு வருடம் பாலிஸ்டைரீனும் சர்க்கரையுமாகவே இருக்கட்டும். கை பழகிய பிறகு புரதத்துக்குப் போங்கள்.

சேர்ந்ததும் ஒரு சின்ன வேலை. ஐந்து மில்லிகிராம் பாலிஸ்டைரீனை அலுமினியப் பானில் வைத்து மூடி, டி.எஸ்.சி. கருவியில் நிமிடத்துக்குப் பத்து டிகிரி ஏற்றி 150-வரை கொண்டு போங்கள். குளிர்வித்து மறுபடி ஏற்றுங்கள். 100 டிகிரி பக்கம் கோடு படிக்கட்டுபோல இறங்கும் இடம்தான் டி.ஜி. இரண்டாவது ஓட்டத்தில் அது சுத்தமாகத் தெரியும், எல்லோரும் அதைத்தான் கட்டுரையில் போடுவார்கள். முதல் ஓட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்தப் பொருள் எத்தனை நாள் அலமாரியில் கிடந்தது, எந்தச் சூட்டில் கிடந்தது, எவ்வளவு ஈரம் குடித்தது என்பதெல்லாம் அந்த முதல் கோட்டில்தான் இருக்கும். இரண்டையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.